அஞ்சற்பை சுமந்த அண்ணல்

சரித்திரம் என வழங்கும் நூல்கள் பெரும்பாலும் முடிமன்னரையும், படைத்தலைவரையும், பொருளீந்த செல்வரையுமே பேசுகின்றன. அவர்தம் புகழ் பேசத்தக்கதே, யாம் மறுக்கின்றிலேம். ஆயின் அம்மன்னர்தம் திருமுகத்தைக் காடும் மலையுங் கடந்து சுமந்து சென்ற ஆளின் பெயரை அறிவார் யாவர்? அத்தகைய உழைப்பாளர் ஒருவரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்க்குச் சில கூறக் கருதினேம்.

நாம் வாழும் சேர்வராயன் மலையையே முதற்கண் நோக்குவோம். 1820 முதல் 1829 வரை சேலத்திற் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. துரையின் பெயர் நிலைத்தது. காடு வெட்டிக் குழி தோண்டிக் கன்று நட்ட ஆள்களின் பெயரோ எவர் வாயிலும் வழங்கக் கேளோம். ஒண்டிக்கடையிற் கூடும் நம்மவருள்ளும் அவ்வாள்களை நினைப்பார் அரியர்.

தபாலின் வரலாறும் அத்தகையதே. ரயிலும் மோட்டாரும் செல்லாத வழிகளிற் கடிதப் பை சுமந்து ஓடியவர் தபால் ஓட்டக்காரர். கையில் ஈட்டி, ஈட்டியிற் சலங்கை. 1854 அக்டோபர் 1 முதல், தூரம் எவ்வளவாயினும் சிறு கடிதத்திற்கு அரையணாவே கட்டணம் என்னும் ஏற்பாடு வந்தது. 1880இல் மணியார்டர் வந்தது. அரையணாக் கடிதம் மலையுச்சி சேர்ந்ததெனின், அஃது ஏழை ஒருவன் கால்வலிமையாற் சேர்ந்தது என்க.

அம்மரபு நம் காலத்தும் அற்றுப்போகவில்லை. நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் தபாற்காரராயிருந்து 2020இல் ஓய்வு பெற்றவர் திருவாளர் தி. சிவன் அவர்கள். வண்டி செல்லாத காட்டுக் குடியிருப்புகளுக்கு நாள்தோறும் 15 கிலோமீட்டர் நடந்து தபால் சேர்ப்பித்தவர். யானையும் கரடியும் காட்டெருமையும் துரத்தியதுண்டு. வழுக்கும் ஓடைகளும் அருவிகளும் வழிமறித்ததுண்டு. எனினும் அப்பணியை விட்டாரல்லர். அரசு அலுவலராகிய சுப்ரியா சாஹு அம்மையார் 2020 ஜூலையில் இச்செய்தியைச் சமூக வலைத்தளத்தில் எழுதிய பின்னரே நாடு அவரை அறிந்து போற்றிற்று. பை இறக்கிய பின் வந்தது பாராட்டு!

“கூலி பெற்றுச் செய்தது தொண்டாகுமோ?” எனச் சிலர் வினவுவர். கூலி, நடந்த நடைக்குரியது. யானை நின்ற வழியில் மறுநாளும் செல்லத் துணிந்த நெஞ்சிற்குக் கூலி வகுத்தார் யாவர்? ஒருநாட் கடிதத்தைத் தாமதித்திருந்தால் அக்காட்டிற் கண்டிப்பார் எவருமிலர். கண்டிப்பார் இல்லாவிடத்தும் கடமை தவறாமையே தொண்டு.

“அவர் நம் குலத்தவரோ?” என்பது மற்றொரு வினா. அன்பர்காள், கடிதத்தின்மேல் எழுதிய விலாசத்தை நோக்கினாரேயன்றி, வீட்டாரின் குலத்தை நோக்கித் தபாற்காரர் படியேறுவதில்லை. அவர் நோக்காததை நாம் நோக்குதல் முறையன்று.

நிற்க. நம் சங்கத்தார் மண்டபம் கட்டப் பொருளுதவியோர் படங்களை இப்பத்திரிகையில் வெளியிடுதல் நன்றே. அவற்றோடு ஆண்டுதோறும் உழைப்பாளர் ஒருவரின் வாழ்க்கையையும், அவர் பணியிலிருக்கும்போதே, ஒரு பக்கத்தில் வெளியிடல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளிலும் நம்மை ஏற்றி இறக்கும் பேருந்தோட்டுநர், காப்பிப் பழம் பறிக்கும் மூதாட்டி, வைகறையிற் சந்தை கூட்டும் பணியாளர் எவராயினும் ஆகுக. ஆண்டு விழாவிற் பொன்னாடை போர்த்தலோடு அமையாது, அவர் மக்களின் கல்விக்கும் நோய்க்கால மருந்துக்கும் சங்க நிதியினின்று ஒரு சிறு பங்கை ஒதுக்குதலும் வேண்டும். பொன்னாடை ஒருநாள் மகிழ்ச்சி. கல்வியும் மருந்துமே குடும்பத்தைத் தாங்குவன.

வருகின்ற பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆராய்ந்து முடிவு செய்வாராக. உழைப்போர் வாழ்க! அவரை உயிரோடிருக்கையிலேயே அறியும் சமூகமும் வாழ்க!