கணக்கு வராதவன் படிப்பு

அமெரிக்காவில் படிக்கும் என் பேரன் போன மாதம் போன் செய்தான். பொறியியலில் முதலாண்டு. கால்குலஸ் பாடத்தில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறான். “பிசினஸ் படிப்புக்கு மாறிடலாமான்னு பார்க்கிறேன் தாத்தா. ஆனா பசங்க சிரிப்பாங்க” என்றான். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம். அங்கேயும் இந்தச் சிரிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளில் புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் கணக்கு முசியே கடைசி பெஞ்சைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வார்: “கொமெர்ஸ்!” உனக்கு மூளை கிடையாது என்பதற்கு அது மரியாதையான பெயர். நானும் அந்த பெஞ்சுதான். ரோஷத்தில் வணிகம் வேண்டாமென்று இலக்கியப் பக்கம் போனேன். பிறகு அரசு வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பில்லும் பேரேடும்தான் பார்த்தேன். அது வேறு கதை.

இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது? 1881-இல் பாரிஸ் வணிகர் சங்கம் ‘ஆஷ்-எ-சே’ என்று இன்றும் அழைக்கப்படும் உயர் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. அப்போது பிரான்சில் மதிப்பெல்லாம் 1794-இல் பிறந்த பொலிடெக்னிக்குக்குத்தான். கணிதத்தில் வடிகட்டி எடுத்த பொறியாளர்களும் ராணுவ அதிகாரிகளும் அங்கிருந்து வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வணிகம் படித்தவன் ஒரு படி கீழேதான். 1889-இல் வந்த ராணுவச் சட்டம் எல்லோருக்கும் மூன்று வருஷ சேவை என்றது. அரசு அங்கீகாரம் பெற்ற வணிகப் பள்ளியில் தகுதியோடு தேறினால் ஒரே வருஷம் போதும். கூட்டம் சேரக் கேட்பானேன்! 1905-இல் அந்தச் சலுகை போய்விட்டது. பட்டாளத்துக்குப் பயந்து வந்தவர்கள் என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

அதே 1881-இல்தான் பிலடெல்பியாவில் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வணிகப் பள்ளி வைத்தார். 1908-இல் ஹார்வர்டும் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து தோர்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளியலாளர், பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் இதற்கும் என்ற பொருளில் எழுதினார். 1959-இல் ஃபோர்டு, கார்னெகி அறக்கட்டளைகளின் உதவியில் வந்த இரண்டு அறிக்கைகள் இன்னும் கடுமை. பாடம் லேசு, வரும் மாணவர்களும் சராசரியில் மற்ற துறையினரைவிடப் பின்தங்கியவர்கள் என்றன.

அந்த அடி நன்றாக வலித்திருக்க வேண்டும். அதன்பின் வணிகப் பள்ளிகள் கணிதத்தையும் புள்ளியியலையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கின. இன்று வார்ட்டனில் இளங்கலை படிக்கக் கால்குலஸ் கட்டாயம். ஆஷ்-எ-சேயில் நுழையப் பிரெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு வருஷம் தனி வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் முசியே இதைப் பார்த்திருந்தால் கடைசி பெஞ்சுக்கு வேறு சொல்தான் தேடியிருப்பார்.

எல்லாவற்றையும் பேரனிடம் சொன்னேன். சிரிக்கிறவர்களை விடு, அந்தப் படிப்பின் பாடப்பட்டியலை முதலில் பார் என்றேன். மறுநாளே கூப்பிட்டான்.

“தாத்தா, இங்கேயும் முதல் வரியிலேயே கால்குலஸ் இருக்கு.”

“சரி, மற்ற வரிகளைப் படி” என்றேன். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். சந்தையியலும் கணக்கியலும் வந்தபோது அவன் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. விடுமுறையில் கால்குலஸை ஒரு ஆசிரியர் வைத்துப் படிக்கப்போகிறானாம். எந்தத் துறை என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.