விறகில் ஓடிய பஸ், விறகில் எரிந்த விளக்கு



வேதியியல் வகுப்பில் ‘உற்பத்தி வாயு’ என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்ட அந்த வாயுவுக்கு நல்லதொரு வரலாறு உண்டு.

விறகையோ கரியையோ போதிய காற்று கொடுக்காமல் எரித்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். அவை தணலாகக் கிடக்கும் கரியின் ஊடே போகும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும். இரண்டும் எரியும் வாயுக்கள். ஏறக்குறைய பாதி நைட்ரஜன் கலந்திருப்பதால் வெப்பம் குறைவுதான். ஆனாலும் எஞ்சினை ஓட்டிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நம் ஊர்ப் பக்கம் பஸ்கள் இந்த வாயுவில்தான் ஓடின. பஸ்ஸின் பின்னால் கரி போடும் உருளை ஒன்று இருக்கும். புறப்படுமுன் கைப்பிடியைச் சுழற்றித் தணல் மூட்டவேண்டும். ‘கரி பஸ்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுவீடனில் அப்போது 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இப்படி ஓடின. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் உருளைகளைக் கழற்றிவிட்டார்கள்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது உலகம் இதை மறுபடி நினைத்துக்கொண்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்வேதியியல் பேராசிரியர் அமுல்ய ரெட்டி, கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்காக 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற மையத்தைத் தொடங்கினார். அதன் முயற்சியில் 1988இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹொசஹள்ளி என்ற சிற்றூரில் விறகு வாயுவால் விளக்கு எரிந்தது. அதுவரை மின்சாரமே காணாத ஊர் அது.

அவர்கள் இயந்திரத்தை மட்டும் கொண்டுபோய் வைக்கவில்லை. அதற்குத் தீனி போட ஊரிலேயே மரம் வளர்த்தார்கள். நெல், கேழ்வரகு போல எரிபொருளும் ஒரு பயிரானது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் விறகு ஆகும். வாயுவோடு கொஞ்சம் டீசலும் சேர்த்தே எஞ்சின் ஓடியது. ஊர் இளைஞர்களே பழகி இயக்கினார்கள். விளக்குக்குப் பிறகு குழாயில் குடிநீர், மாவு மில், பாசன பம்பு என்று ஒவ்வொன்றாக வந்தன.

அந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. 5 கிலோவாட் சுமையில் ஓடியபோது யூனிட்டுக்கு எரிபொருள், இயக்க, பராமரிப்புச் செலவு 5.85 ரூபாய் ஆனது. 20 கிலோவாட்டில் ஓடியபோது 3.34 ரூபாய் ஆனது. விளக்கு மட்டும் எரிந்தால் கட்டுப்படியாகாது. பகலில் மில்லும் பம்பும் ஓடவேண்டும்.

கரி பஸ் பஞ்சகாலத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. ஹொசஹள்ளியோ பதினான்கு ஆண்டுக்கு மேல் நின்று காட்டியது. ஒன்று விறகை எங்கிருந்தோ வாங்கியது, மற்றொன்று தானே விளைவித்துக்கொண்டது. ‘மாற்று எரிபொருள்’ என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த வருஷத்துக்கு விறகு எங்கே வளர்கிறது? பகலில் அந்த மின்சாரத்தை யார் பயன்படுத்தப்போகிறார்கள்?

உங்கள் வீட்டில் கரி பஸ் ஏறிய பெரியவர்கள் இருந்தால், கேட்டுக் கீழே எழுதுங்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.