பழைய தோலில் புது கேம்: தாவித் தாவி ஒரு வரலாறு

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். தோல் என்னவோ புத்தம் புதுசுதான். அதன் முனையிலும் ஓரத்திலும் கருமை ஏற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பல வருஷம் உழைத்த ஷூ மாதிரி ஒரு களை கொண்டுவருவார்கள். நிஜமாகவே பல வருஷம் உழைத்த ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் கடைக்காரரும் கதவைச் சாத்திவிடுவார். பழசு மாதிரி தெரிகிற புதுசுக்குத்தான் மார்க்கெட்.

பயப்படாதீர்கள், இது தோல் ஏற்றுமதி பற்றிய பதிவு இல்லை. அதைத்தான் செமஸ்டர் செமஸ்டராகப் படித்துக்கொண்டிருக்கிறோமே :-) இது வீடியோ கேம் பற்றியது. அதிலும் ஓடு, தாவு, பள்ளத்தில் விழாதே என்கிற 'பிளாட்ஃபார்ம்' வகை. மரியோ என்றால் எல்லோருக்கும் புரியும். கடந்த இருபது வருஷமாக, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, வேண்டுமென்றே கட்டம் கட்டமாக, பழைய மரியோ காலத்துச் சாயலில் இத்தகைய கேம்களைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவற்றுக்கு 'ரெட்ரோ இண்டி' என்று பெயர்.

எனக்கு இரண்டு கேள்விகள். அந்தக் காலத்தை எட்டிக்கூடப் பார்க்காத நம் வயசுக்காரர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது? பிடித்த அதே கேம் ஏன் அரை மணி நேரத்தில் கீபோர்டைத் தூக்கி எறியத் தோன்றும் அளவுக்குக் கடுப்பேற்றுகிறது? இரண்டுக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவோம்.

வறுமையின் நிறம் கட்டம்

1981இல் ஜப்பானின் நின்டெண்டோ 'டாங்கி காங்' என்ற கேமை வெளியிட்டது. மரியோ முதலில் தலைகாட்டியது அதில்தான். அவருக்கு ஏன் தொப்பி, ஏன் மீசை? விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளுக்குள் முடியையும் வாயையும் வரைய இடமில்லை. தொப்பி போட்டால் முடி வரைய வேண்டாம், மீசை வைத்தால் வாய் வரைய வேண்டாம். உலகத்தின் மிகப் பிரபலமான மீசை இப்படி இடப்பற்றாக்குறையில் பிறந்தது.

1985 செப்டம்பரில் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். வீட்டுக் குழுவில் காலையில் வந்து விழும் 'இனிய காலை வணக்கம்' படம் ஒவ்வொன்றும் இதைவிடப் பெரியது. அந்த கேம் ஓடிய பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட். அதற்குள் எப்படிச் சமாளித்தார்கள்? மேலே இருக்கும் மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். ஒரே வரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தப் பெட்டியால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் மறைந்து மறைந்து மினுக்கும்.

ஆக, இன்றைக்கு நாம் 'ரெட்ரோ ஸ்டைல்' என்று கொண்டாடுவது அன்றைக்கு ஸ்டைலே இல்லை, பற்றாக்குறை. இருப்பதை வைத்துச் சமைத்த ரசம்.

நம் ஊருக்கு வந்த கதை

நின்டெண்டோ பெட்டி இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆனால் தொண்ணூறுகளில் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெயர்கள் சொன்னாலே வீட்டில் இருக்கும் அண்ணன்களும் மாமாக்களும் கண்கலங்குவார்கள். கேம் இருக்கும் அட்டைக்கு நம் ஊரில் பெயர் 'கேசட்'. ஓடவில்லை என்றால் வெளியே எடுத்து 'ஃபூ' என்று ஊத வேண்டும். வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடைகள் இருந்தன.

அந்தக் கேசட்டுகளின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது சில டஜன் கேம்கள். மிச்சம் எல்லாம் அதே கேம்தான், வேறு பெயரில், அல்லது மூன்றாவது கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். பி.காம் படிக்கிறவர்களுக்கு இதற்குச் சரியான வார்த்தை தெரியும்: விண்டோ டிரஸ்ஸிங்.

இன்னொரு வாசல் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் இந்தியப் பள்ளி லேப்களில் படித்தவர்களிடம் 'டேவ்' என்று சொல்லிப் பாருங்கள். கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகும் சிவப்புத் தொப்பிக்காரர், 'டேஞ்சரஸ் டேவ்'. ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதியது, பிறகு பிசிக்கு வந்தது. கூடவே 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' (1989). ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தது. அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். லேப் பீரியடே நாற்பத்தைந்து நிமிஷம் என்றால் இளவரசி கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டேவுக்கு ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. 1990 செப்டம்பரில் ரொமேரோவின் அலுவலக நண்பர்கள் ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் ஒரே ராத்திரியில் 'சூப்பர் மரியோ 3'இன் முதல் கட்டத்தைப் பிசியில் அப்படியே செய்து, மரியோவுக்குப் பதில் டேவை ஓடவிட்டார்கள். அதுவரை பிசியில் திரை அவ்வளவு வழுக்கிக்கொண்டு நகர்ந்ததில்லை. நின்டெண்டோவிடம் காட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த நுட்பம் 'கமாண்டர் கீன்' ஆனது, அந்தக் கூட்டணி 1991இல் 'இட் சாஃப்ட்வேர்' ஆனது, அடுத்து 'டூம்' வந்தது. நம் பள்ளி லேபில் குதித்துக்கொண்டிருந்த டேவுக்கு இவ்வளவு பெரிய சொந்தம்!

ஏன் அவ்வளவு கஷ்டம்?

இதற்கு விடை அக்கவுண்ட்ஸில் இருக்கிறது. கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷின் காலத்தில், நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அதனால் சாகடிப்பது வியாபாரம். வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது வேறு பிரச்சினை. 40 கிலோபைட்டில் எவ்வளவு கேம் வைக்க முடியும்? 'சூப்பர் மரியோ பிரதர்ஸை' கரைத்துக் குடித்தவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இவ்வளவு சின்னச் சரக்கை மாசக்கணக்கில் ஓட்ட வேண்டுமானால் ஒரே வழிதான்: மூன்று உயிர் கொடு, மூன்றும் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வை. அதாவது அன்றைய கஷ்டத்தில் பாதி கலை, பாதி தண்ணீர் கலந்த பால்.

புது அலை

2004இல் ஜப்பானின் டைசுகே அமயா 'கேவ் ஸ்டோரி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டார். நிரல், ஓவியம், இசை, கதை எல்லாம் ஒரே ஆள், ஐந்து வருஷ உழைப்பு. ஒருவர் செய்ய முடியும் என்பதுதான் பெரிய செய்தி. பளபளக்கும் முப்பரிமாண கேம் செய்ய நூற்றுக்கணக்கான பேர் வேண்டும், கட்டம் கட்டமாக வரைய ஒரு பிடிவாதக்காரர் போதும். மறுபடியும் பற்றாக்குறைதான் காரணம், இந்தமுறை மெஷினில் இல்லை, ஆளிலும் காசிலும்.

அடுத்து வரிசையாக வந்தன. 2008இல் டெரெக் யூவின் 'ஸ்பெலங்கி'. 2010இல் டெரி கவனாவின் 'விவிவிவிவிவி' (ஆறு 'வி', தாவவே முடியாது, தலைகீழாகக் கூரையில் விழலாம்). அதே வருஷம் 'சூப்பர் மீட் பாய்'. 2014இல் 'ஷவல் நைட்'. 2018இல் 'செலஸ்ட்'.

இவற்றில் நல்லவை பழசை அப்படியே நகலெடுக்கவில்லை. 'ஷவல் நைட்' பழைய பெட்டியின் நிறங்களை எடுத்துக்கொண்டது, அந்த மினுக்கலை விட்டுவிட்டது. செத்தால் உயிர் போகாது, கொஞ்சம் தங்கம் சிதறும், திரும்பி வந்து பொறுக்கிக்கொள்ளலாம். 'சூப்பர் மீட் பாய்' கொலைகாரத்தனமான கேம், ஆனால் செத்த மறுகணமே எழுந்து நிற்பீர்கள். கட்டம் முடிந்ததும் நீங்கள் செத்த அத்தனை முயற்சிகளையும் ஒரே திரையில் ஒன்றாக ஓடவிட்டுக் காட்டும். சிரிப்பு வரும்.

'செலஸ்ட்' இன்னும் ஒரு படி மேல். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருந்தாலும் சுமார் பத்தில் ஒரு விநாடி வரை தாவ அனுமதிக்கும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே தாவல் பட்டனை அழுத்திவிட்டால் நினைவில் வைத்திருந்து தாவவைக்கும். தலை ஓரத்தில் இடித்தால் மெல்ல நகர்த்திவிடும். இதையெல்லாம் திரையில் எங்கேயும் சொல்லாது. நாம் நம் திறமை என்று நினைத்துக்கொள்வோம். சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அப்பா மாதிரி.

கடுப்புப் பட்டியல்

எல்லாரும் அப்படி இல்லையே. மூன்று உயிர், முதலிலிருந்து ஆரம்பம் என்ற பழைய தண்டனையைக் காரணம் தெரியாமல் எடுத்து வைத்திருக்கும் கேம்கள் ஏராளம். இவர்களுக்கு 40 கிலோபைட் கட்டாயமும் இல்லை, காசு விழும் மெஷினும் இல்லை. பிறகு ஏன்? 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்பதுதான் பதில். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குதிக்கவைப்பது இன்னொரு கொடுமை. 2007இல் வந்த 'ஐ வான்னா பி த கை' இதையே கிண்டலாகச் செய்தது, பழம் மேல்நோக்கி விழுந்து கொல்லும். அது ஜோக். ஜோக் என்று தெரியாமல் அதையே செய்பவர்களை என்ன சொல்ல?

தோற்றத்திலும் ஒரு போலித்தனம் உண்டு. அன்றைய பெட்டி டிவியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து மென்மையாகத் தெரிந்தன. ஓவியர்களும் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். இன்றைய திரையில் தெரியும் கூர்மையான சதுரங்களை அன்று யாரும் பார்த்ததில்லை. ஆன்டிக் ஃபினிஷ் சங்கதிதான். நம் லேப்டாப் கீபோர்டு பாவம் தனி. மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் சிலதில் ஒன்று பதிவே ஆகாது.

சந்தைப் பக்கமும் சுகமில்லை. 2017 முதல் ஸ்டீமில் 100 டாலர் கட்டினால் யாரும் கேம் விற்கலாம். நுழைவுத்தடை குறைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடை நிரம்பி வழிகிறது, பல வருஷ உழைப்பு யார் கண்ணிலும் படாமல் அடியில் போய்விடுகிறது.

சரி, இதனால் என்ன?

யோசித்துப் பார்த்தால் 1985க்கும் 2018க்கும் நடுவில் கஷ்டம் குறையவே இல்லை. 'செலஸ்ட்'டில் ஆயிரம் முறை சாவது சாதாரணம். அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படச் சொல்கிறது அந்த கேம். குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவில் இருக்கும் தூரம். மரியோவில் அது ஆரம்பம் வரை நீளும். இங்கே ஒரு விநாடி.

இதை நம் அரியர் சிஸ்டத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு பேப்பரில் போனால் ஒரு செமஸ்டர் காத்திருக்க வேண்டும், மறுபடி ஃபீஸ் கட்ட வேண்டும், எந்த இடத்தில் விழுந்தோம் என்று யாரும் ஓட்டிக் காட்ட மாட்டார்கள். முதல் வருஷம் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்று இல்லை. இரண்டு மூன்று அரியர் விழுந்தது, வீட்டில் காசு இல்லை, ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். பேப்பர் கஷ்டம் என்பதால் அவர்கள் போகவில்லை. திரும்ப முயல்வதற்கான விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

கஷ்டத்தைக் குறைக்காமலே தோல்வியின் விலையைக் குறைக்க முடியும் என்று நாலு சதுரத்தை வைத்துக் கேம் செய்கிறவர்கள் நிரூபித்துவிட்டார்கள். பாடத்திட்டம் போடுகிறவர்கள் யாராவது ஒருநாள் சாயங்காலம் 'செலஸ்ட்' ஆடிப் பார்க்கலாம்.

டிஸ்கி: காசு செலவில்லாமல் ஆரம்பிக்க நினைப்பவர்கள் பழைய 'கேவ் ஸ்டோரி'யையும், 2015இல் நாலே நாளில் செய்யப்பட்ட முதல் 'செலஸ்ட்'டையும் தேடுங்கள். இரண்டும் இலவசம், ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். அடுத்த மாசம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை இருப்பவர்கள் மட்டும் இந்த டிஸ்கியைப் படிக்காத மாதிரி தாண்டிக் குதித்துவிடவும்.