இடக்கரடக்கல்

அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறொன்றால் குறிப்பிடும் வழக்கு. நன்னூல் இதை மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. மறைக்க வேண்டிய சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் அவையல் கிளவி.

விதி சொல்லதிகாரத்தில் வருகிறது. தொல்காப்பியர் அதை எழுத்ததிகாரத்திலேயே கடைப்பிடித்துவிடுகிறார். ‘ஆ’ என்பதோடு ‘பீ’ சேர்ந்து ‘ஆப்பி’ (சாணம்) ஆகும் புணர்ச்சியை விளக்குமிடத்தில் அச்சொல்லை எழுதாமல், ஈகாரம் ஏறிய பகரம் என்று எழுத்தை மட்டும் சுட்டி நகர்கிறார். நெடுங்காலம் பழகிய சொற்களுக்கு விலக்கும் உண்டு. உரைகள் அதற்குக் காட்டுபவை ஆட்டுப்பிழுக்கை, யானை இலண்டம் போன்றவை. இன்றும் சாணி, புழுக்கை, லத்தி எந்தச் சபையிலும் செல்லும். மனிதனுடையதுதான் தலைமுறைதோறும் பெயர் மாற்றிக்கொள்கிறது.

இலக்கணப் பாடங்களில் வழிவழியாக வரும் ‘கால் கழுவி வருதல்’ பாட்டிமார் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கிறது. வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல் எல்லாம் இடத்தைச் சொல்லி வினையை மறைத்தவை. வீட்டோடு கழிப்பறை வந்ததும் கொல்லைக்கு வேலையில்லாமல் போயிற்று. டச்சு மொழியிலிருந்து வந்த ‘கக்கூஸ்’ டச்சுக்காரருக்குப் பச்சையான சொல். இங்கே பொருள் தெரியாததாலேயே நாகரிகமாயிற்று எனலாம். தாத்தா கூச்சமின்றிப் புழங்கிய அச்சொல்லைக் கேட்டு இன்று பேரன் நெளிகிறான். அந்த இடத்துக்கு லெட்ரின், டாய்லெட், பாத்ரூம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. (குளிக்காதவரும் பாத்ரூம் போய்த்தான் வருகிறார்.) இப்போது அலுவலகங்களில் ரெஸ்ட்ரூம். இலங்கைத் தமிழில் அறிவிப்புப் பலகைச் சொல் மலசலகூடம்.

மறைக்கப்படும் பொருளின் வாடை மறைக்க வந்த சொல்லிலும் ஏறிவிடுவதே இந்த ஓட்டத்துக்குக் காரணம். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்ற சொல்லே கெட்ட வாடைக்கு உரியதாகிவிட்டது, அது வேறு கதை.

இந்த வாடை வேலை செய்பவரின் பெயரையும் விடுவதில்லை. தோட்டி என்பது வசையாக, துப்புரவுப் பணியாளர் வந்தது. 2020இல் தமிழக அரசு அதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனாலும் அள்ளுவது நிற்கவில்லை. அவர்களைப் பற்றி இயக்குநர் திவ்யா பாரதி எடுத்த ஆவணப்படம் 2017இல் வெளியானபோது அதற்கு எந்த மறைப்புச் சொல்லும் தேடப்படவில்லை. படத்தின் பெயர் ‘கக்கூஸ்’.