தீவாந்தர தண்டனையும் சிங்கப்பூர்ச் சிறையும்

தீவாந்தரம் என்னும் சொல் இன்று வழக்கில் அருகிவிட்டது. மற்றொரு தீவு என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் கும்பினியார் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டில் அச்சொல் ஒரு தண்டனையின் பெயராகவே வழங்கியது. தூக்குக் கயிற்றுக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்ட தண்டனை அது. கடல் கடந்தால் குலம் கெடும் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்த சமுதாயத்தில், மரக்கலம் ஏற்றி அனுப்பப்பட்டவன் உயிரோடிருந்தும் இல்லாதவனே. வட இந்தியர் அதனைக் கறுப்புத் தண்ணீர் எனப் பொருள்படும் காலாபானி என்னும் சொல்லால் குறித்தனர்.

கிழக்கிந்தியக் கும்பினி 1787 முதல் சுமத்திராவிலுள்ள பெங்கூலனுக்கும், அதனை அடுத்துப் பினாங்கிற்கும் கைதிகளை அனுப்பி வந்தது. பாளையக்காரர் போர் முடிந்தபின், 1802இல் சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரும் அவரைச் சார்ந்த 70க்கும் மேற்பட்டோரும் பினாங்கிற்கு அனுப்பப்பட்டதைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். அவர்கள் அரசியல் எதிரிகள். அவர்களுக்குப் பின் வந்தவர்களிற் பெரும்பாலோர் கொலை, கொள்ளை முதலிய குற்றங்களுக்காகத் தீர்ப்புப் பெற்றவர்கள். அவர்களைப் பற்றித்தான் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. சிறை எவ்வளவு கொடியதோ அவ்வளவு குற்றம் குறையுமா என்பதே அவ்வழக்கு.

குறையும் என்ற கட்சியின் தலைசிறந்த வழக்கறிஞர் மெக்காலே. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்தவர் என்றே அவரைப் பலரும் நினைவிற் கொள்கின்றனர். தண்டச் சட்டத்திற்கு முதல் வரைவு தந்தவரும் அவரே. 1837இல் அவர் தலைமையிலான சட்டக் குழு அவ்வரைவோடு விளக்கக் குறிப்புகளையும் அரசுக்கு அளித்தது. தீவாந்தர தண்டனையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதில் சொல்லப்படும் காரணம் வியப்புக்குரியது. தண்டனையால் விளையும் துன்பம் தன்னளவில் தீமையே. அது ஊட்டும் அச்சம் ஒன்றினாலேயே நன்மை விளைகிறது. ஆகவே, குறைந்த துன்பத்தில் மிகுந்த அச்சத்தைத் தரும் தண்டனையே சிறந்தது என்பது குழுவின் வாதம். நீண்ட காலச் சிறைவாசம் உண்மையில் இதனினும் கொடிதாக இருக்கலாம். ஆனால் கேட்பவரை அது நடுங்க வைப்பதில்லை. கடலுக்கு அப்பால் போனவன் என்ன ஆனான் என்று தெரியாமையே நடுக்கத்தின் ஊற்று. எனவே இத்தண்டனை ஆயுட்காலத்துக்கே இருத்தல் வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. சென்றவர்கள் திரும்பி வருவதை மக்கள் கண்டு பழகினால் மருமம் கலைந்துவிடும் அன்றோ?

இவ்வாதத்தைப் படிக்கும் தமிழருக்கு, கையை ஓங்குவது வேறு, அடி விழுவது வேறு என்று அரசனுக்கு வள்ளுவர் கூறிய அறிவுரை நினைவுக்கு வருதல் இயல்பு. 'வெருவந்த செய்யாமை' என்ற அதிகாரத்தில் அது வருவதும் கருதத்தக்கது. ஆனால் வள்ளுவரின் நோக்கம் அடியை மென்மையாக்குவது. மெக்காலேயின் நோக்கம் ஓங்கலைப் பெரிதாக்குவது.

உள்நாட்டுச் சிறைகளுக்கோ அத்தகைய மருமம் இல்லை. மெக்காலேயின் தூண்டுதலால் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கைதிகள் வெட்டவெளியில் சாலை போடுவதும், வழிப்போக்கரோடு பேசுவதும் அக்குழுவிற்குப் பொறுக்கவில்லை. சுவரடைத்த இடத்தில், சலிப்பூட்டும் வேலையையே தர வேண்டும் என்றது. கல்வி, அறநெறிப் போதனை, நன்னடத்தைக்குப் பரிசு ஆகியவற்றை வேண்டுமென்றே ஒதுக்கியது. திருத்தும் முயற்சி அச்சத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பது அவர்கள் கணக்கு.

இனி, அச்சத்தின் உறைவிடமாகக் கருதப்பட்ட கடலுக்கு அப்பால் உண்மையில் நடந்தது என்ன என்று காண வேண்டும்.

1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியது. அங்கிருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் வேறிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1825 ஏப்ரலில் சென்னை மாநிலக் கைதிகள் 80 பேர் சிங்கப்பூரில் வந்திறங்கினர். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தனர். ஆயுள் தண்டனை பெற்றோர் பலரின் நெற்றியில் அவர்தம் குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது. மனிதன் திருந்தினாலும் நெற்றி திருந்தாத அக்கொடிய வழக்கம் 1849இல்தான் ஒழிந்தது.

பெங்கூலனில் இருந்தபோதே ராஃபிள்ஸ் கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார். நல்லொழுக்கம் உடையோர் நிலத்தில் குடியமர்ந்து பிழைக்கலாம். நீதிமன்றத்தில் சான்று கூறலாம். இவ்வித்து சிங்கப்பூரில் மரமாயிற்று. ஆளுநர் பட்டர்வொர்த் 1845இல் வகுத்த விதிகள் கைதிகளை ஆறு வகுப்பினர் ஆக்கின. புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு தொடங்குவான். ஒழுங்காக நடந்தால் விலங்கு கழலும். பின்னர்ச் சாலை வேலை, அதன்பின் பொறுப்பான பணி, இறுதியில் விடுப்புச் சீட்டு. அச்சீட்டைப் பெற்றவன் சிறைக்கு வெளியே வாழ்ந்து தன் கைத்தொழிலால் பிழைக்கலாம். தவறு செய்தவன் படியிறங்கி மீண்டும் விலங்கு பூணுவான். மெக்காலேயின் ஆட்கள் ஒதுக்கிய நன்னடத்தைப் பரிசே இங்கு அமைப்பு முழுவதற்கும் அச்சாணி.

எல்லாவற்றினும் புதுமையானது, கைதிகளுக்குக் கைதிகளே காவலராய் இருந்தமை. வெளியிலிருந்து காவலரை அமர்த்துவதைக் குறைத்து, நம்பிக்கைக்கு உரியவராய் விளங்கிய கைதிகளைக் கொண்டே சிறை நடத்தப்பட்டது. பின்னாளில் அச்சிறையின் கண்காணிப்பாளராய் இருந்த மக்நேர் 1899இல் எழுதி வெளியிட்ட நூலுக்குத் தலைப்பே 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' என்பதாம்.

வேலையும் சலிப்பூட்டும் வேலையன்று. செங்கல் அறுத்தல், கல் உடைத்தல், தச்சு, கொல்லு, கொத்து எனப் பல தொழில்கள் கற்பிக்கப்பட்டன. சிராங்கூன் சாலைப் பக்கம் கைதிகளின் செங்கற் சூளைகள் இருந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856 முதல் 1861 வரை அவர்கள் உழைப்பால் எழுந்தது. அதன் உட்சுவர்ப் பூச்சு நம்மவர் கைவண்ணம்: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, பூசிக் காய்ந்தபின் பளிங்குபோல் தேய்ப்பது. சென்னைச் சுண்ணம் என்று அது பெயர் பெற்றது. ஆளுநர் மாளிகையும் (இன்றைய இஸ்தானா) அவர்கள் கட்டியதே. காட்டோரங்களில் புலிகள் ஆட்களைக் கொன்றபோது, கைதிகளைக் கொண்டே வேட்டைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தண்டனை பெற்றவன் கையில் துப்பாக்கி! 1838ஆம் ஆண்டுக் குழுவினர் அதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பரோ!

ஆயினும் இதனை அருளாட்சி என்று கொண்டாடிவிடுதல் வரலாறு ஆகாது. சாலைக்கும் பாலத்துக்கும் கூலியாள் கிடைப்பது அருமையாயிருந்த புதிய ஊரில், கைதி என்பவன் மலிவான உழைப்பாளி. விலங்கிட்டு இருட்டறையில் அடைத்தால் சுவர் எழும்பாது. காவலருக்குச் சம்பளம் கொடுத்தால் செலவு கூடும். நம்பிக்கையூட்டி வேலை வாங்குவதே கருவூலத்துக்கு ஆதாயம். கருணையும் கணக்கும் ஒரே வழியில் நடந்தன என்பதே பொருந்தும். மக்நேரின் நூல் முதற்பகுதியை விரித்தும் இரண்டாம் பகுதியைச் சுருக்கியும் பேசுகிறது. தாம் நடத்திய சிறையைப் பற்றித் தாமே எழுதுபவரிடம் அது எதிர்பார்க்கத்தக்கதே. ஊரையும் உறவையும் இழந்தவர்களின் துயரை அளக்க அவரிடம் கோல் இல்லை.

ஊரிலிருந்த ஐரோப்பியர் அனைவரும் இவ்வேற்பாட்டை விரும்பினர் என்பதுமில்லை. 1857இல் வட இந்தியாவில் கிளர்ச்சி மூண்ட செய்தி வந்ததும், முகரம் விழாவின்போது கைதிகள் எழுச்சி செய்வர் என்று சிங்கப்பூரில் புரளி பரவியது. எழுச்சி ஏதும் நிகழவில்லை. எனினும் இனிக் கைதிகளை இங்கே அனுப்பலாகாது என்ற கோரிக்கை வலுத்தது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் முடியின் நேராட்சிக்கு வந்தன. 1873இல் கைதிச்சிறை கலைக்கப்பட்டது. எஞ்சியிருந்தோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்.

இதற்குள் இங்கிலாந்தில் காற்று வேறு திசையில் வீசிற்று. 1862இல் லண்டன் தெருக்களில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடிப்பவர் பற்றிய பீதி பரவியது. விடுப்புச் சீட்டுப் பெற்றவர்களே காரணம் என்று பழி கூறப்பட்டது. 1863இல் கார்னர்வன் பிரபுவின் குழு கடுமையான வேலை, கடுமையான உணவு, கடுமையான படுக்கை என்ற கொள்கையை வலியுறுத்த, 1865இல் அது சட்டமாயிற்று. மிதிசக்கரம் மிதித்தல், எதையும் அரைக்காத இயந்திரத்தின் கைப்பிடியை நாள் முழுதும் சுழற்றல், இரும்புக் குண்டை இங்கிருந்தெடுத்து அங்கு வைத்தல் ஆகியவை வேலை எனப்பட்டன. சிங்கப்பூரின் உள்ளூர்ச் சிறையும் 1870களில் ஆங்கில முறையைப் பின்பற்றி இறுக்கப்பட்டது. 1875இல் அங்கே ஒரு கலகம் மூண்டு கண்காணிப்பாளரே கொலையுண்டார். கடுமையே அதற்குக் காரணம் என்று ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு தீர்ப்பளித்தல் முறையன்று. ஆனால் கடுமை அமைதியைத் தந்தது என்று கூறவும் இடமில்லை.

அந்தமானின் கதைதான் வழக்கின் உச்சக்கட்டம். 1858இல் அத்தீவுகளைக் கும்பினிக்காகக் கைப்பற்றிய மான் என்ற அதிகாரி, சிங்கப்பூர்க் கைதிகளை மேற்பார்த்தவர். வகுப்பு முறையும் விடுப்புச் சீட்டும் அங்கும் சென்றன. 1890இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இருவர் அங்குச் சென்று ஆராய்ந்தனர். இந்தியச் சிறையில் கிடப்பதைவிட அந்தமானுக்குப் போவதே மேல் என்று கைதிகள் எண்ணுகின்றனர் எனக் கண்டனர். மெக்காலே அஞ்சியது போலவே மருமம் கலைந்துவிட்டது! மரக்கலங்கள் போய் நீராவிக் கப்பல்கள் வந்தன, தவணை முடிந்தோர் ஊர் திரும்பினர், செய்தி பரவியது. இனி ஓங்கிய கையால் பயனில்லை, அடியே விழ வேண்டும் என்றாயிற்று. புதிதாக வருவோரைத் தொடக்கத்திலேயே தனியறையில் அடைத்து வருத்த வேண்டும் என்பது அவ்விருவரின் பரிந்துரை. அதன் விளைவே 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்தமான் தனியறைச் சிறை. அங்கே மனிதரைச் செக்கில் பூட்டி எண்ணெய் ஆட்டினர். தேங்காய் மட்டையை அடித்து நாரெடுக்கச் செய்தனர்.

அச்சிறை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பி நடந்தது. கிளாட்ஸ்டன் குழு 1895இல் அச்சுறுத்தலோடு திருத்தமும் சிறையின் நோக்கமாக வேண்டும் என்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் மிதிசக்கரத்துக்கு முடிவு கட்டியது. மக்நேரின் நூல் மறு ஆண்டே வெளிவந்தது தற்செயல் எனத் தோன்றவில்லை.

இந்தியாவில் அம்மாற்றம் வர மேலும் இருபதாண்டுகள் ஆயின. சென்னை மாநில ஆட்சியில் பணியாற்றிய கார்டியூ என்பவர் தலைமையில் 1919, 1920ஆம் ஆண்டுகளில் ஆய்ந்த சிறைக் குழு அந்தமானையும் நேரிற் பார்த்தது. 1838ஆம் ஆண்டுக் குழு திருத்தும் வழிகளையெல்லாம் வேண்டுமென்றே தள்ளியதை அது குறையாகச் சுட்டியது. குற்றவாளியைத் திருத்துவதே சிறையின் கடமை என்றது. பொதுவாக அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவதை விட்டுவிடுமாறு கூறியது. 1921இல் அரசும் அவ்வாறே அறிவித்தது. அதே ஆண்டில் மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி எழுந்தது. அது அடக்கப்பட்டபின், தண்டனை பெற்றோரைச் சுமந்துகொண்டு கப்பல்கள் மீண்டும் அந்தமான் நோக்கிச் சென்றன.