நீலகிரிக்கு வந்த டாக்டர்

பரிசு என்றால் எழுத்தாளனுக்கு ஒரு சபலம். தனக்குக் கிடைக்காத வரையில் பரிசு என்பதே வெறும் சிபாரிசு விவகாரம் என்பான். கிடைத்த மறுநாள் தேர்வுக் குழுவினரின் ரசனையை வாயாரப் புகழ்வான். இந்த விதிக்கு நானும் விலக்கு அல்ல. ஆகவே பரிசுகளைப் பற்றி எழுதுவதானால், எனக்குக் கிடைக்கவே வழியில்லாத ஒரு துறையின் பரிசுகளைப் பற்றி எழுதுவதுதான் உத்தமம் என்று தோன்றிற்று. அந்தத் துறைக்கு மருத்துவ மானிடவியல் என்று பெயர்.

பெயரைக் கண்டு வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் நம் வீட்டு விஷயந்தான். குழந்தைக்கு ஜுரம் வருகிறது. அப்பா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பாட்டி திருஷ்டி கழிப்பதற்கு உப்பும் மிளகாயும் தேடுகிறாள். அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறாள். ஜுரம் ஒன்றுதான், அது எதனால் வந்தது என்பதற்கு ஒரே வீட்டுக்குள் மூன்று பதில். டாக்டர் காண்கிற நோய் ஒன்று, நோயாளியும் அவனைச் சேர்ந்தவர்களும் அநுபவிக்கிற நோய் வேறொன்று என்று ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் க்ளைன்மன் விரிவாக எழுதினார். தைவான் தீவில் நோயாளிகளையும் வைத்தியர்களையும் பூசாரிகளையும் கூடவே இருந்து கவனித்து அவர் எழுதிய புத்தகம் 1980-ல் வந்தது. அதே ஆண்டில் லண்டனிலுள்ள ராயல் மானிடவியல் கழகம் அவருக்கு வெல்கம் பதக்கம் அளித்தது. மானிடவியலை மருத்துவப் பிரச்னைகளுக்குப் பயன்படுத்துவோருக்கென்றே உள்ள பதக்கம் அது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு பதக்கத்தின் கதை. அதே கழகம் 1923-ல் ஏற்படுத்திய ரிவர்ஸ் நினைவுப் பதக்கம். அமெரிக்காவில் மருத்துவ மானிடவியலாருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தார் பட்டப்படிப்பு மாணவர்களின் கட்டுரைக்கு வைத்திருக்கும் பரிசுக்கும் இந்த ரிவர்ஸின் பெயர்தான். அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரையிலும் பரிசுக்குப் பெயராகிவிட்ட இந்த மனிதர் யார்?

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்பது முழுப்பெயர். ரிவர்ஸ் இரண்டு தரம் வருவது அச்சுப் பிழை அன்று. 1864-ல் இங்கிலாந்தில் கென்ட் ஜில்லாவில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார், திக்குவாயைக் குணப்படுத்துவதில் பேர்போனவர். ஆலிஸின் அற்புத உலகத்தை எழுதிய லூயிஸ் கரோல்கூட அவரிடம் சிகிச்சைக்கு வந்ததுண்டு. மாமா ஜேம்ஸ் ஹண்டும் திக்குவாய் வைத்தியரே. 1863-ல் லண்டனில் மானிடவியல் சங்கம் ஒன்றை நிறுவியவரும் அவர்தான். கறுப்பு மக்களைத் தாழ்த்திப் பேசுவதையே சாஸ்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கு ஆயுள் முழுவதும் திக்குவாய்! பேசத் திணறுகிறவனுக்குக் கேட்கிற பொறுமை தானாக வந்துவிடும் போலிருக்கிறது. பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பொறுமைதான்.

டாக்டர் பரீட்சையில் தேறி, கேம்பிரிட்ஜில் புலன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவரை, 1898-ல் ஆல்பிரட் ஹாடன் என்ற அறிஞர் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு அழைத்துப் போனார். தீவுவாசிகளின் கண்பார்வையைச் சோதிக்கப் போன ரிவர்ஸ், யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரிக்கத் தொடங்கினார். கண்பார்வை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறதா என்பதை அறிவதற்காகப் போட்ட வம்சாவளிப் பட்டியல், ஒரு சமூகத்தையே திறந்து காட்டும் சாவியாக அவருக்குப் பட்டது. அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு 1902-ல் நம் நீலகிரிக்கு வந்தார்.

அப்போது தோடர்கள் சுமார் 800 பேர். எருமையும் பால்மடமும் அதன் பூசாரியுமே அவர்களுடைய சமயம். ரிவர்ஸுக்குத் தோடர் பாஷை தெரியாது; துபாஷிகளை வைத்துக்கொண்டு சில மாதங்கள் மந்து மந்தாகத் திரிந்து விசாரித்தார். முதலிலேயே ஒரு சங்கடம். தோடர்கள் தங்கள் குடும்பத்தில் இறந்துபோனவர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொல்வது பாவம். வம்சாவளி கேட்க வந்தவர் என்ன செய்வார்? ஒரு குடும்பத்தாரின் முன்னோரைப் பற்றி வேறு குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் கொஞ்சம் உறுத்துகிற கெட்டிக்காரத்தனம்.

அதைவிட உறுத்துகிற விஷயம் பின்னால் நடந்தது. பால்மடத்து ரகசியங்களையும் புனிதச் சடங்குகளையும் அவருக்கு விளக்கிச் சொன்னவர்களின் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பம் நேர்ந்தது. நோய் வந்தது. ஒருவர் மனைவியைப் பறிகொடுத்தார். குறி சொல்பவர்களிடம் போய்க் கேட்டார்கள். அந்நியனிடம் ரகசியத்தை வெளியிட்டதற்குத் தெய்வங்களின் கோபம் இது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பலர் வாய் திறக்க மறுத்துவிட்டார்கள். ரிவர்ஸ் இதை மறைக்கவில்லை. 1906-ல் பிரசுரமான, 700 பக்கத்துக்கு மேற்பட்ட தம் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்ததுண்டு. நாவலாசிரியனும் இதே தொழில்தானே செய்கிறான்? பிறர் வீட்டு ரகசியத்தைக் கேட்டு வந்து அச்சில் போடுகிறவன், சொன்னவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பது அபூர்வம். ரிவர்ஸ் திரும்பிப் பார்த்தார். குறிகாரர்கள் சொன்னதைக் கேலி செய்யாமல் எழுதியும் வைத்தார். ஆனால் புத்தகத்தை நிறுத்திக்கொள்ளவில்லை. அவருடைய கீர்த்தி அந்தப் புத்தகத்தின்மேல் கட்டப்பட்டது. 1908-ல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். 1915-ல் அதே சொசைட்டியின் ராயல் பதக்கம் பெற்றார். சொன்னவர்களுக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை. தோடர் பக்கத்தில் கணக்குப் பார்த்தால் அவர்கள் கொடுத்ததுதான் அதிகம்.

ஆனாலும் அந்தப் பாடம் வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன். 1915, 1916-ஆம் ஆண்டுகளில் லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவம், மந்திரம், சமயம் என்ற பொருளில் ரிவர்ஸ் சொற்பொழிவுகள் செய்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரிய பெரிய டாக்டர்கள். அவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காட்டு ஜனங்களின் வைத்தியம் என்று நாம் ஏளனம் செய்வது அர்த்தமில்லாத பழக்கங்களின் குவியல் அல்ல, நோய் எதனால் வருகிறது என்று அவர்கள் நம்புகிறார்களோ, அந்த நம்பிக்கையிலிருந்து தர்க்கம் பிசகாமல் பிறப்பதே அவர்களுடைய சிகிச்சை. தெய்வத்தின் கோபத்தால் வந்த நோய்க்கு மருந்து தெய்வத்தைச் சாந்தப்படுத்துவதுதானே? மருத்துவ மானிடவியல் என்ற பெயர் வழக்கத்துக்கு வருமுன்னரே அதன் அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

அதற்குள் முதல் மகாயுத்தம் டாக்டர்களின் வாசலுக்கே புதுமாதிரி நோயாளிகளைக் கொண்டுவந்தது. உடம்பில் காயமில்லை, ஆனால் பேச்சு போய்விடும், கால் நடக்காது, இரவெல்லாம் அலறல். கோழைகள் என்றார்கள் பலர். சில ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் வைத்துப் பேச வைத்தார்கள். எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் ராணுவ ஆஸ்பத்திரியில் ரிவர்ஸ் செய்தது, அந்த இளம் அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசச் சொன்னதுதான். மறக்க முயலாதே, நினைத்துப் பார், என்னிடம் சொல் என்பதே அவர் சிகிச்சை. 1917 ஜூலையில் அங்கே வந்து சேர்ந்தார் ஸீக்ஃப்ரீட் ஸாஸூன் என்ற கவிஞர். யுத்தத்தை வேண்டுமென்றே நீடிக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டவர். விசாரணைக்கு நிறுத்தினால் வம்பு என்று, மூளை கலங்கியவர் என முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பைத்தியம் இல்லாதவரைக் குணப்படுத்தித் திரும்பப் போர்முனைக்கு அனுப்ப வேண்டிய உத்தியோகம் ரிவர்ஸுக்கு! குணமாவது என்றால் சாகப் போவது என்று அர்த்தமாகிவிட்ட ஆஸ்பத்திரி அது. ஸாஸூன் அந்த நவம்பரில் படைக்குத் திரும்பினார்; மறு வருஷம் தலையில் குண்டடிபட்டும் பிழைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்தது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி வந்த ரிவர்ஸ் வேறு மனிதர் என்று நண்பர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கூச்சமும் ஒதுக்கமும் போய்விட்டன. ஞாயிறு காலைகளில் மாணவர்களைச் சிற்றுண்டிக்கு அழைத்தார். ஸாக்ரடிக்ஸ் என்று ஒரு சிறு கூட்டம் சேர்த்து, எச். ஜி. வெல்ஸ், ஆர்னால்டு பென்னட், பெர்ட்ரண்டு ரஸல் போன்றவர்களையெல்லாம் மாணவர்களிடையே கொண்டுவந்து பேசவைத்தார். இவ்வளவும் மூன்றே வருஷம். பார்லிமெண்டுக்குத் தொழிற்கட்சி அபேட்சகராக நிற்க ஒப்புக்கொண்டிருந்தார். 1922 ஜூன் 4-ந் தேதி, குடல் இறக்கம் இறுகி, 58-வது வயதில் காலமானார். மருத்துவம், மந்திரம், சமயம் பற்றிய சொற்பொழிவுகள் புத்தகமாக வெளிவந்தபோது ஆண்டு 1924.

களத்தில் இறங்கிச் செய்த மானிடவியல் ஆராய்ச்சிக்கு என்று ஏற்படுத்திய ரிவர்ஸ் பதக்கத்தை முதலில் பெற்றவர், 1898-ல் அவரைத் தீவுகளுக்கு அழைத்துப்போன அதே ஹாடன். வழிகாட்டியவருக்கு வழிநடந்தவர் பெயரில் பரிசு! 1948-ல் அது மத்திய இந்தியாவின் மலைவாசிகளோடு வாழ்ந்த வெரியர் எல்வினுக்கு வந்தது. 1955-ல் மைசூர் எம். என். ஸ்ரீநிவாஸுக்கு, ஆர். கே. நாராயணின் நண்பர் என்றால் நம் வாசகர்களுக்கு இன்னும் எளிதாக அடையாளம் தெரியும். கதைக்காரர்களும் ரிவர்ஸை விடவில்லை. பாட் பார்க்கர் என்ற ஆங்கில நாவலாசிரியை அவரையும் ஸாஸூனையும் வைத்து 1991-ல் ஒரு நாவல் எழுதினார். தொடர்ந்து இரண்டு எழுதினார். மூன்றாவது நாவலுக்கு 1995-ல் புக்கர் பரிசு. ஆக, ரிவர்ஸால் நாவலாசிரியர்களுக்குக்கூடப் பரிசு கிடைத்துவிட்டது!

அமெரிக்கச் சங்கத்தின் மாணவர் பிரிவினர் வேறொரு விருதும் வைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்கு அல்ல, மாணவர்களை அக்கறையாக ஆளாக்கி விடுகிற ஆசிரியருக்கு. அதற்குச் சிபாரிசு செய்கிறவர்கள் மாணவர்களே. இதைப் படித்ததும் எனக்கு ஸாஸூன் ஞாபகந்தான் வந்தது. தம் வாழ்க்கையைக் கதைபோல் மூன்று பாகமாக எழுதியபோது, தம் பெயரையும் மாற்றி, கூட இருந்தவர்களின் பெயர்களையும் மாற்றினார் அவர். மூன்றாம் பாகம் 1936-ல் வந்தது. டாக்டர் மட்டும் அதில் ரிவர்ஸ் என்ற சொந்தப் பெயரோடேயே வருகிறார்.

தோடர் புத்தகத்தின் கடைசியில் வம்சாவளி அட்டவணைகள் இருக்கின்றன. தகப்பன், பிள்ளை, பெண்டாட்டி, இறந்தவர், இருப்பவர் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள். தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றிருந்தவர்களின் பெயர்கள். அந்த டாக்டருக்குப் பாடம் சொன்னவர்களையும் அந்த வரிசைகளில்தான் தேட வேண்டும்.