பேரரசரின் துப்பாக்கியும் காவலரின் துப்பாக்கியும்

கனலும் திரியோடு குதிரைமேல் துப்பாக்கியைக் கொண்டுபோவது பெரும் சிரமம். 16ஆம் நூற்றாண்டில் சக்கரப் பூட்டு என்னும் பற்றவைப்புப் பொறியமைப்பு அதைத் தீர்த்தது. சக்கரத்தைச் சாவியால் முறுக்கினால் குறுஞ்சங்கிலி சுற்றிக்கொண்டு ஸ்பிரிங்கை இறுக்கும். விசையை இழுத்ததும் எஃகுச் சக்கரம் சுழன்று பைரைட் கல்லில் உரசும். தெறிக்கும் பொறி மருந்தைப் பற்றவைக்கும். ஜெர்மானிய நிலத்தில் பிறந்த இரு கைத்துப்பாக்கிகள் இந்த ஒரே பொறியமைப்பை இரு வேறு நோக்கில் கையாண்டன.

முதலாவது, 1540–45 காலத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக மியூனிக்கில் செய்யப்பட்டது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர் பீட்டர் பெக். கடிகாரமும் துப்பாக்கியும் செய்தவர். குழல்கள் இரண்டு. இரு பூட்டுகளை ஒரே அமைப்பில் இணைத்து, ஒவ்வொரு குழலும் தனித்தனியே வெடிக்கும்படி செய்தார். கடிகாரத்தின் நுட்பம் பழகிய கைக்கே இது கூடும். செர்ரி மரப்பிடியில் மான்கொம்பு இழைத்திருக்கிறது. உலோகத்தை அமிலத்தால் அரித்து அலங்கரித்தவர் அம்புரோசியஸ் கெம்லிக். பேரரசரின் சின்னங்களான இருதலைக் கழுகும் ஹெர்குலிஸ் தூண்களும் உரிமையாளர் யார் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடும்.

இரண்டாவது, அந்நூற்றாண்டின் இறுதியில் சாக்சனி இளவரசரின் மெய்க்காவலருக்கானது. கருஞ்சாயம் ஏறிய மரம். அதில் பளிச்சிடும் வெண்ணிற மான்கொம்பு. பிடியின் முனையில் பெரிய உருண்டை. சேணத்து உறையிலிருந்து சட்டென உருவ அந்த உருண்டை கைகொடுக்கும். இங்கே அலங்காரம் தனிமனிதரைப் பேசவில்லை. அணிவகுத்து நிற்கும் படையின் சீருடையாகிறது.

பெக்கின் படைப்பில் பொறியும் அழகும் ஒருவரையே மையமாகக் கொண்டவை. அதைப்போல் இன்னொன்று தேவைப்படவில்லை. சாக்சனியின் கைவினைஞருக்கோ, ஒன்று மற்றொன்றைப்போல் இருந்தே ஆக வேண்டும். பூட்டின் பாகங்களை அரத்தால் ராவிப் பொருத்திய காலம் அது. அச்சுவார்ப்போ இயந்திரமோ இல்லாமல் கண்ணளவாலும் கையளவாலும் ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அருங்காட்சியகங்களில் கண்கள் முதலில் பேரரசரின் துப்பாக்கியையே தேடும். அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் புதியதைக் கண்டுபிடிப்பது மட்டுமே கைத்திறத்தின் உச்சம் அல்ல. கண்டுபிடித்ததைக் குறையாமல் மறுபடியும் செய்து காட்டுவதும் அதற்கு ஈடான உச்சம். காவலரின் துப்பாக்கிக்கும் அதே மரியாதை உரியது.